ஆறு வோல்ட் பொறி

ஒரு பழைய ராணுவ ஜீப்பில் பாயிண்ட்டையும் கண்டென்ஸரையும் கழற்றிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாமா, கூடாதா? கேள்வி அவ்வளவுதான். மெக்கானிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். எங்கள் வீட்டில் இதற்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் படித்தது, கழற்றிப் பார்த்தது, சண்டை போட்டது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

வண்டி என் தாய்மாமாவுடையது. 1944-இல் அமெரிக்க ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட வில்லிஸ் எம்.பி. ஒப்படைத்த தேதி டேஷ்போர்டுத் தகட்டிலேயே பொறித்திருக்கிறது. போர் முடிந்து உபரி என்று ஏலத்தில் போய், இரண்டு கை மாறி, மாமாவின் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து போடிநாயக்கனூருக்கும் மேலே இருக்கிற ஏலத்தோட்டத்துக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்க பக்கம் பெட்ரோல் ஜீப் என்றால் சிரிப்பார்கள். மலையில் ஓடுவதெல்லாம் டீசல். பழைய வில்லிஸ் யாருக்காவது கிடைத்தால் முதல் வேலையே எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவதுதான். டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, பாயிண்ட்டும் கிடையாது. பிரச்சினை அத்தோடு முடிந்தது. மாமா மட்டும் அதைச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால், "அப்புறம் அது வேற வண்டிடா" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

சிக்கல் கண்டென்ஸரில் ஆரம்பித்தது. ஒரே வருடத்தில் மூன்று போயின. மூன்றாவது போனபோது வண்டி போடிமெட்டுச் சாலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், இருட்டுகிற நேரத்தில் நின்றது. வண்டியில் மாமா தனியாக. வயது 74, இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஆள். போனில் சிக்னல் இல்லை. பின்னால் வந்த காய்கறி வேன்காரர் ஒருவர் ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கல் வைத்துக் கொடுத்து, அவரையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். மறுநாள் மாமா மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "எலக்ட்ரானிக் போடுங்க, இல்லன்னா வண்டிய வித்துருங்க. ரெண்டுல ஒண்ணு."

மெக்கானிக் அண்ணனும் அவள் பக்கம்தான். "தம்பி, இப்ப வர்ற கண்டென்ஸர் எதுவும் வேலைக்காகாது. ஒரு சின்ன டப்பா, ரெண்டு வயர். உள்ள வச்சு மூடிட்டா வெளிய யாருக்கும் தெரியாது. மாமாவுக்கே தெரியாது" என்றார். மாமாவுக்குத் தெரியாமல் செய்வது என்கிற யோசனைதான் என்னை உறுத்தியது. ஒருவருடைய வண்டியில் ஒன்றை மாற்றுகிறோம் என்றால், மாற்றுகிற பொருள் எதற்காக அங்கே வந்தது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். அப்படித்தான் தேட ஆரம்பித்தேன்.

டப்பாவுக்குள் நடப்பது

கார் பைக் கழற்றிப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை ஒரு பொறி பற்றவைக்க வேண்டும். அந்தப் பொறி பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். ஜீப்பில் இருப்பதோ 6 வோல்ட் பேட்டரி. இந்த ஆறை எப்படி ஆயிரங்களாக்குவது? காயில் என்கிற உருளைக்குள் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று தடித்த கம்பி, சில நூறு சுற்று. இன்னொன்று மயிரிழைக் கம்பி, பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் 6 வோல்ட் மின்சாரத்தை ஓடவிட்டு, சட்டென்று அறுத்தால், உள்ளே இருந்த காந்தப்புலம் சரிந்து விழுகிறது. அந்தச் சரிவில் மெல்லிய கம்பியில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. அறுக்கிற வேலையைச் செய்வதுதான் பாயிண்ட்: டங்ஸ்டன் முனை வைத்த இரண்டு சின்னக் கைகள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் நான்கு முனைக் கேம் அவற்றைத் திறந்து மூடுகிறது. திறக்கும்போது முனைகளுக்கு நடுவே மின்சாரம் தீப்பொறியாகத் தாவி வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்ஸர்.

எம்.பி.க்குப் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.030. எரியும் வரிசை 1-3-4-2. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் பாயிண்ட் 4000 தடவை திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் துளித் துளியாகத் தேயும். ஒரு முனையில் குழி விழும், எதிர் முனையில் மேடு தட்டும். அந்தக் குழியும் மேடும் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று பார்த்தே கண்டென்ஸர் சரியாக இருக்கிறதா என்று பழைய மெக்கானிக்குகள் சொல்லிவிடுவார்கள்.

தமிழில் பொறி என்றால் தீப்பொறி, பொறி என்றால் இயந்திரமும்கூட. இந்த டப்பாவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே சொல்லாக இருப்பது வியப்பாக இருக்காது.

போர்களும் பொறியும்

பாயிண்ட், காயில், பேட்டரி சேர்ந்த இந்த ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பரப்பியவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவின் டேட்டன் நகரில் பண முறைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். நண்பர் ஒருவரின் கொட்டகையில் மாலை நேரங்களில் வேலை செய்து உருவாக்கிய இக்னிஷன் 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. டெல்கோ நிறுவனம் பிறந்தது இப்படித்தான். 1912 காடிலாக்கில் அவருடைய மின் ஸ்டார்ட்டரும் சேர்ந்துகொண்டது. ஸ்டார்ட்டர் வந்தால் பேட்டரியும் ஜெனரேட்டரும் வண்டியில் இருந்தே ஆகவேண்டும். பேட்டரி இருக்கும்போது இக்னிஷனுக்குத் தனியாக மின்சாரம் உண்டாக்குவானேன்?

இந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முன்பு பெரும்பாலான நல்ல வண்டிகள் பற்றியெரிந்தது மேக்னட்டோவில். எஞ்சின் சுழற்சியிலேயே, நிரந்தரக் காந்தத்தை வைத்துத் தானே மின்சாரம் உண்டாக்கும் சாதனம் அது. பேட்டரியே வேண்டாம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் பாஷ் நடத்திய பட்டறை 1897-இல் மேக்னட்டோவை மோட்டார் வண்டிக்குப் பொருத்தியது. 1902-இல் அங்கே வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் கொண்டுவந்தார். அடுத்த பத்து வருடத்தில் ஐரோப்பா முழுக்க பாஷ் மேக்னட்டோதான்.

1914-இல் முதல் உலகப்போர் வெடித்தபோது பிரிட்டன் தன் மேக்னட்டோ தேவையின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்தது ஜெர்மனியிடம்தான். அதாவது எதிரியிடம். லாரி, மோட்டார் சைக்கிள், விமானம் எல்லாவற்றின் பொறியும் ஸ்டுட்கார்ட்டை நம்பியிருந்தது. உள்நாட்டில் அதைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் விரல்விட்டு எண்ணும் அளவே. போர்க்காலம் முழுக்க அந்தத் தொழிலை ஏறக்குறைய முதலிலிருந்து கட்டவேண்டி வந்தது. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கமோ, பாஷ் நிறுவனத்தின் அமெரிக்கச் சொத்தை 1918-இல் அரசே எதிரிச் சொத்து என்று பறிமுதல் செய்து விற்றுவிட்டது.

ஒரு படையின் ஓட்டம் உள்ளங்கையளவு பாகத்தில் தொங்குகிறது என்பதை ராணுவங்கள் அந்தப் போரில் கற்றுக்கொண்டன. அதன்பிறகு ராணுவம் கேட்டது மூன்று விஷயம். நம்ம நாட்டிலேயே செய்ய முடியணும். யார் வேண்டுமானாலும் மாற்ற முடியணும். நிறைய இருக்கணும்.

ஜீப் பிறந்தது இந்த மூன்று விதிகளுக்குள். 1940 கோடையில் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளிடம் சிறு உளவு வண்டிக்கு விலை கேட்டது. பென்சில்வேனியாவின் பட்லர் ஊரிலிருந்த பாண்டம் என்கிற சின்ன நிறுவனம் 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து அந்த செப்டம்பரில் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் உள்ளே வந்தன. வில்லிஸின் 60 குதிரைத்திறன் எஞ்சின் ஜெயித்தது. கடைசியில் வில்லிஸ் சுமார் 3,60,000 வண்டிகளையும், அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு சுமார் 2,80,000 வண்டிகளையும் செய்தன. இரண்டின் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. பாலைவனத்திலோ அஸ்ஸாம் மலையிலோ நிற்கும் வண்டிக்கு, அது யார் செய்தது என்று பார்க்காமல் பாகத்தை எடுத்து மாட்டலாம்.

அஸ்ஸாம் என்றதும் நம்ம ஊர் வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட சாலையில் ஓடியவற்றில் இந்த வண்டிகளும் அடக்கம். 1942 டிசம்பரில் தொடங்கிய வேலை. 1945 பிப்ரவரியில் முதல் வாகன வரிசை குன்மிங் போய்ச் சேர்ந்தது. 1944-இல் வடபர்மாவின் மொகாவுங் பக்கம், ரயில் எஞ்சின்கள் நாசமாகிக் கிடந்த பாதையில், ஜீப்புக்கு இரும்பு ரயில் சக்கரம் மாட்டிப் பெட்டிகளை இழுக்க வைத்தார்கள். மழை, சேறு, ஈரம். அந்த ஈரத்திலும் 6 வோல்ட்டில் பொறி குதித்தது.

சடை எதற்கு?

எங்கள் ஜீப்பின் பானட்டுக்குக் கீழே, உடலோடு சேரும் இடத்தில், தட்டையாகப் பின்னிய செம்புப் பட்டைகள் இருக்கின்றன. மெக்கானிக் அண்ணன் அவற்றைச் "சடை" என்பார். "எதுக்கு இந்தச் சடை, ஒண்ணுக்கும் ஆகாது, கழட்டிருவோமா?" என்று ஒருமுறை கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. தேடியபோதுதான் ஒரு பெரிய விஷயம் கிடைத்தது.

மின்பொறி என்பது வெளிச்சமும் வெப்பமும் மட்டுமல்ல. ரேடியோ அலையும்கூட. ஹெர்ட்ஸ் ரேடியோ அலையைக் கண்டுகாட்டியதே மின்பொறியை வைத்துத்தான். மார்க்கோனியின் ஆரம்பகால ஒலிபரப்பிகளும் பொறி வகையே. அப்படியானால் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். வண்டியில் ராணுவ ரேடியோ வைத்தால், எஞ்சின் ஓடும்போது காதுக்குள் கேட்பது தகவல் அல்ல, பொரிகிற சத்தம். ஆகவே பிளக் வயரில் மின்தடை பொருத்தினார்கள், ஜெனரேட்டரிலும் ரெகுலேட்டரிலும் வடிகட்டி வைத்தார்கள், உடலின் ஒவ்வொரு தகட்டையும் செம்புச் சடையால் ஒன்றோடொன்று கட்டினார்கள். இப்படி ரேடியோ இரைச்சல் அடக்கப்பட்ட வண்டிகளின் பானட்டில் பதிவெண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து 'எஸ்' எழுதுவது வழக்கம். எங்கள் வண்டியின் பானட் எத்தனையோ தடவை பெயிண்ட் அடிக்கப்பட்டு அந்த எழுத்து போய்விட்டது. சடை மட்டும் நிற்கிறது. அந்த வண்டிக்குள் யாரோ ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்க வாய்ப்புண்டு என்பதற்கு இப்போது மிஞ்சியிருக்கும் சாட்சி, குப்பை என்று நாங்கள் கழற்ற இருந்த செம்புப் பின்னல்தான்.

இதைச் சொன்னதும் மாமா மகள் கேட்டது நியாயமான கேள்வி. "சரி, அது வரலாறு. ஆனா ராணுவமே இந்த இக்னிஷனோட நின்னுச்சா?"

நிற்கவில்லை. 1950-இல் வந்த எம்38 ஜீப்பில் அமெரிக்க ராணுவம் 6 வோல்ட்டைத் தூக்கிவிட்டு 24 வோல்ட்டுக்குப் போனது. டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் ஒரே நீர்புகா டப்பாவுக்குள் அடைபட்டன. பிளக் வயர்களுக்கு உலோக உறை, மறையில் முறுக்கிப் பூட்டும் முனைகள். ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் நிற்காது, ரேடியோவிலும் இரைச்சல் வராது. அதாவது, 1944-இல் சடையும் மின்தடையும் வைத்து ஒட்டுப்போட்டுச் சமாளித்ததை ஆறே வருடத்தில் அடியோடு மாற்றிவிட்டார்கள். பின்னர் 1970-களில் சாதாரணக் கார்களிலேயே பாயிண்ட் போனது. 1973 மாடல்களில் கிரைஸ்லர் எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பொதுவாக்கியது. தேய்கிற பாயிண்ட் டைமிங்கைக் கலைக்கிறது, டைமிங் கலைந்தால் எரியாத பெட்ரோல் புகையாகப் போகிறது, புகைக்கு அமெரிக்காவில் சட்டம் கடுமையாகிவிட்டது. காரணம் அதுதான்.

அசல் என்கிற சொல்

பழைய வண்டி சேகரிப்பவர்கள் அசல் என்ற சொல்லை மந்திரம்போலச் சொல்வார்கள். ஃபோர்டு செய்த ஜீப்பின் போல்ட் தலைகளில் 'எஃப்' என்று சின்னதாகப் பொறித்திருக்கும். அந்த எழுத்துள்ள போல்ட்டைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆசை புரிகிறது. ஆனால் போர்க்காலத்தில் இந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்று பார்த்தால் கதையே வேறு. வில்லிஸ் எஞ்சின் ஃபோர்டு உடலுக்குப் போகும், ஃபோர்டு கதவுப் பட்டை வில்லிஸுக்கு வரும். 1944 பிப்ரவரியில் வெளியான டி.எம். 9-803 என்கிற ராணுவக் கையேடு முழுக்க இந்த மனநிலைதான். அமெரிக்க ராணுவம் பராமரிப்பையே ஐந்து படிநிலையாகப் பிரித்து வைத்திருந்தது. ஓட்டுகிறவர் செய்வது முதல் படி, பெரிய பட்டறையில் அடியோடு பிரித்துக் கட்டுவது கடைசிப் படி. எந்தப் பாகத்துக்கும் புனிதம் கிடையாது. கெட்டால் மாற்று, அடுத்த வேலையைப் பார்.

அப்படியானால் மாற்றுவதுதான் இந்த வண்டியின் அசல் குணம் என்றே வாதிடலாம். மெக்கானிக் அண்ணன் இதைக் கேட்டு மேஜையைத் தட்டினார். "அதத்தான நானும் சொல்றேன்!"

நம்ம ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர் ஒரு காலத்தில் மரச் சக்கரத்தில் நிலைக்கு வந்து சேர நாட்கணக்கில் ஆகும். திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகு சீக்கிரமே நிலைக்கு வருகிறது. ஆடிப்பூரத்தன்று வடம் பிடிக்கிற யாரும் இது பழைய தேரில்லை என்று விட்டுவிட்டுப் போகவில்லை. தேர் ஓடவேண்டும். ஓடும்போது யாரும் சாகக்கூடாது. அதற்காகச் சக்கரம் மாறியது. இதைவிட நல்ல வாதம் மாமா மகளுக்கு நான் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது. அவள் வாதமே அதுதான்: "அப்பா உயிரோட வீடு வரணும். அதுக்கப்புறம் பேசுங்க உங்க வரலாறெல்லாம்."

கழற்றிப் பார்த்தது

ஆக, மாற்றக்கூடாது என்பதற்கு மரியாதை, பழமை, பெருமை எதுவும் போதாது என்று ஆகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி: வண்டி ஏன் நின்றது? அதைத் தெரிந்துகொள்ளாமல் எலக்ட்ரானிக் போடுவது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் ஊசி போடுவது மாதிரி.

செத்துப்போன மூன்று கண்டென்ஸரையும் குப்பையில் போடாமல் வைத்திருந்தேன். இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்துப் பிரித்தோம். உள்ளே மெல்லிய உலோகத் தாளும் காகிதமும் சேர்த்துச் சுருட்டிய சுருள். சுருட்டல் தொளதொளவென்று இருந்தது. வெளி முனையோடு அதைச் சேர்க்கும் இடத்தில் ஈயம் வைக்கவில்லை. ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எஞ்சின் சூடேறி, மலை ஏற்றத்தில் அதிர்ந்து அதிர்ந்து, தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. மூன்றிலும் அதே கதை.

அதற்குப் பிறகு மல்டிமீட்டரை எடுத்தோம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது காயிலுக்கு எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்த்தோம். நான்குக்கும் கீழே. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. குற்றவாளி பேட்டரி கேபிள். எப்போதோ யாரோ, கடையில் கிடைத்த 12 வோல்ட் வண்டிக் கேபிளைப் போட்டிருக்கிறார்கள். ஒரே வேலையைச் செய்ய 6 வோல்ட்டுக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதற்குத் தகுந்த தடித்த கேபிள் வேண்டும். மெல்லிய கேபிளில் பாதி வழியிலேயே வோல்ட் கரைந்துவிடுகிறது. எர்த் இணைப்பு வைத்த இடத்தில் பெயிண்டும் துருவும் வேறு.

இங்கேதான் எலக்ட்ரானிக் பற்றிய என் பயம் உருவம் பெற்றது. நான்கு வோல்ட்டுக்குக் கீழே போனால் பாயிண்ட் பலவீனமாகவாவது பொறி தரும். பாயிண்ட்டுக்கு வேலை செய்ய வோல்ட் தேவையில்லை, அது வெறும் சுவிட்ச். எலக்ட்ரானிக் டப்பாவோ தானே வேலை செய்யக் குறைந்தபட்ச வோல்ட் கேட்கும். கேபிளைக் கவனிக்காமல் டப்பாவை மட்டும் மாட்டியிருந்தால், பனிக்காலக் காலையில் தோட்டத்து வீட்டு வாசலில் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் நின்றிருக்கும்.

இன்னொன்றும் புரிந்தது. பாயிண்ட் கெடும்போது சொல்லிவிட்டுக் கெடும். முதலில் ஸ்டார்ட் ஆக நேரமாகும், பிறகு ஏற்றத்தில் இழுவை குறையும், பிறகு சைலன்ஸரில் டப் டப் என்று வெடிக்கும். வாரக்கணக்கில் தகவல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம், சின்ன அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். கண்டென்ஸர் அப்படியில்லை. மூடி அடைத்த உருளை. உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. 1944-லும் அதை யாரும் பழுதுபார்க்கவில்லை. கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டினார்கள். மாமாவை வளைவில் நிறுத்தியது பாயிண்ட் அல்ல, சொல்லாமல் சாகிற இந்த உருளை. எலக்ட்ரானிக் டப்பா உறுதியானதுதான், நல்ல காரில் லட்சம் கிலோமீட்டர் தாண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதுவும் சொல்லாமல் சாகிற ரகம். செத்தால் அரத்தால் தேய்க்க அதில் ஒன்றுமில்லை. கையில் இன்னொரு டப்பா இருந்தால் பிழைத்தோம்.

முடிவு

ஏழாவது மாதம் நான்கு பேரும் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். மாமாவுக்குத் தெரியாமல் எதுவும் இல்லை என்பது முதல் விதி. தயாரித்து வைத்திருந்த பட்டியலை வாசித்தேன்.

பாயிண்ட் இருக்கட்டும். பேட்டரி கேபிளும் எர்த்தும் 6 வோல்ட்டுக்குத் தகுந்த தடிமனில் புதிதாக. கண்டென்ஸரின் உள்ளீட்டை மட்டும் மாற்றுவது: மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டரைப் பழைய உலோகக் கூட்டுக்குள் வைத்து, முனையை ஈயம் வைத்து இணைத்து, எபாக்ஸி ஊற்றி அடைப்பது. விலை ஒரு டீ, வடைக் காசு. சடையில் கை வைக்கக்கூடாது. இன்னும் ஒன்று: பாயிண்ட், கண்டென்ஸர் பூட்டி இடைவெளி வைத்த உதிரித் தட்டு ஒன்று எப்போதும் கருவிப் பெட்டியில். நின்றால் பழையதைக் கழற்றி இதை மாட்ட வேண்டியதுதான், பதினைந்து நிமிடம்.

மாமா மகள் முழுக்கக் கேட்டாள். "ராத்திரில, மழைல, இவரு தனியா பதினஞ்சு நிமிஷம் குனிஞ்சு நின்னு இதை மாட்டுவாரா?"

யாரும் பேசவில்லை. அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. இக்னிஷன் எதுவாக இருந்தாலும், 74 வயதில் ஸ்டென்ட் வைத்தவர் இருட்டிய பிறகு தனியாக அந்தச் சாலையில் வருவதுதான் உண்மையான ஆபத்து. நாங்கள் ஏழு மாதமாக ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு அதைப் பேசாமல் தவிர்த்துவந்திருக்கிறோம். எலக்ட்ரானிக் போட்டிருந்தால் அந்தப் பேச்சு இன்னும் தள்ளிப்போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். டப்பா போட்டாச்சுல்ல, இனி தைரியமா போகலாம் என்று ஆகியிருக்கும்.

மாமாதான் மௌனத்தை உடைத்தார். "சாயங்காலம் நாலு மணிக்கு மேல எடுக்க மாட்டேன். தனியாவும் போக மாட்டேன். போதுமா?" அவர் குரலில் கோபம் இருந்தது, அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. வண்டியில் எதை மாற்றுவது என்று பேச ஆரம்பித்த கூட்டம், வண்டி ஓட்டுகிறவரின் பழக்கத்தை மாற்றுவதில் வந்து முடிந்தது.

இது எல்லோருக்குமான பதில் இல்லை. தினமும் ஐம்பது கிலோமீட்டர் பழைய ஜீப்பில் வேலைக்குப் போகிறவர், பாயிண்ட் வைக்கத் தெரிந்த மெக்கானிக் அருகில் இல்லாதவர், எலக்ட்ரானிக் போடுவதில் எந்தத் தப்பும் கிடையாது. ராணுவமே அதைத்தான் செய்திருக்கும். ஆனால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வேன். திருப்பிப் பழையபடி ஆக்கமுடியாத மாதிரி எதையும் வெட்டாதீர்கள், துளையிடாதீர்கள். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள்.

மூன்றாவதாக ஒன்றை எங்கள் வீட்டில் செய்தோம். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி ஜீப்பின் கையுறைப் பெட்டியில் வைத்தோம். என்ன மாற்றினோம், எப்போது, ஏன் என்று அதில் எழுதுகிறோம். முதல் பக்கம் மாமா மகளின் கையெழுத்து. தேதிக்குக் கீழே அவள் எழுதியிருப்பது: "கண்டென்ஸர் கூடு பழையது, உள்ளே புதியது. கேபிள் புதியது. பாயிண்ட் இடைவெளி 0.020, நானே வைத்தேன். செம்புச் சடை ரேடியோவுக்காக. கழற்ற வேண்டாம்."